ஆறாவது வித்தியாசம் எங்கே ஒளிகிறது? புதிர்ப் பக்க டீச்சரின் பதில்கள்

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாகப் படப் புதிர் வரைந்து அனுப்புவேன். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்தே எனக்கு மிகப் பிடித்த வேலை இது. கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த இதழில் படம் இல்லை, பதில்கள் மட்டும்.

ராஜபாளையம் வாசகர்: டீச்சர், ஆறு வித்தியாசத்தில் நாலைந்து சட்டென்று கிடைத்துவிடுகிறது. ஆறாவது மட்டும் மாட்டுவதே இல்லை. கடைசியில் என் மனைவி காட்டும்போது பார்த்தால் படத்துக்கு நடுவிலேயே பெரிதாக இருக்கிறது! எப்படித்தான் ஒளித்து வைக்கிறீர்கள்?

ஒளிப்பதில் பாதி வேலையை உங்கள் கண்ணே எனக்காகச் செய்துவிடுகிறது சார். கையை நேராக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நகத்தின் அகலத்துக்குத்தான் நம் பார்வை மிகக் கூர்மையாக இருக்கும். அதைச் சுற்றி இருப்பதெல்லாம் விலக விலக மங்கல்தான். கண் அங்கும் இங்கும் தாவித் தாவித்தான் படத்தைப் பார்க்கிறது. இடப்பக்கப் படத்திலிருந்து வலப்பக்கப் படத்துக்குத் தாவும்போது மனதில் எதை எடுத்துக்கொண்டு போகிறோமோ, அதை மட்டும்தான் ஒப்பிட முடியும். எடுத்துக்கொண்டு போகாதது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தப்பிவிடும்.

1997-ல் ரொனால்ட் ரென்சிங்க் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரே ஒரு மாற்றம் உள்ள இரண்டு புகைப்படங்களைத் திரையில் மாறி மாறிக் காட்டினார்கள். நடுவில் ஒரு நொடிக்கும் குறைவாக வெறும் சாம்பல் திரை. அந்தச் சின்ன இடைவெளி போதும், பெரிய மாற்றத்தைக்கூடக் கண்டுபிடிக்க ஆட்கள் திணறினார்கள். இடைவெளியை எடுத்துவிட்டால் மாறும் இடம் துடிப்பது போலத் தெரியும், உடனே பிடித்துவிடலாம். பத்திரிகைப் பக்கத்தில் இரண்டு படத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பட்டையைத் தாண்டும்போது உங்களுக்கு நடப்பதும் இதுதான்.

மீதிப் பாதி என் வேலை. ஒரு காய்கறிக் கடைப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம், கை, எழுத்து ஆகிய மூன்றில்தான் எல்லார் கண்ணும் முதலில் விழும். அதனால் சுலபமான இரண்டை அங்கே வைப்பேன்: கடைக்கார அம்மாவின் மூக்குத்தி, விலைப் பலகையில் ஓர் எண். இரண்டாவது கிடைத்ததும் ஒரு உற்சாகம் வரும் பாருங்கள், அது இல்லாவிட்டால் பாதியில் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அடுத்த மூன்றை அலமாரி, கூடை, தரை என்று பரப்பிவிடுவேன். ஆறாவதை மட்டும், 'இங்கே பார்க்க ஒன்றுமில்லை' என்று நீங்கள் முடிவு கட்டிவிட்ட இடத்தில் வைப்பேன். கடைக்கு மேலே கட்டிய கோடு போட்ட படுதா அப்படிப்பட்ட இடம். இடப்பக்கம் ஏழு கோடு, வலப்பக்கம் எட்டு. படத்திலேயே பெரிய பொருள் அதுதான். ஆனால் 'படுதா' என்று மனதில் பெயர் வைத்து முடித்த பிறகு யாரும் கோடுகளை எண்ணுவதில்லை.

ஆகவே பெயரோடு நிற்காதீர்கள். 'தராசு இருக்கிறது' என்று பார்த்தால் போதாது. 'தராசுத் தட்டுக்கு மூன்று சங்கிலி, முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது' என்று வாய்விட்டே சொல்லுங்கள். சொன்னதை அடுத்த படத்தில் சரிபாருங்கள். ஒரு வெள்ளைத் தாளால் படத்தை மூடி, மேலிருந்து பட்டை பட்டையாகத் திறந்து பார்ப்பதும் நல்லது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் கடையும் ஆளும் மறைந்து வடிவங்கள் மட்டும் மிஞ்சும், அப்போது சிலது தானாக மாட்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டு கண்ணையும் மூக்கை நோக்கிக் கொண்டுவந்து, இரண்டு படமும் ஒன்றன் மேல் ஒன்று விழும்படி செய்தால், வித்தியாசம் உள்ள இடம் மட்டும் மினுமினுக்கும். ஆறையும் சில நொடிகளில் பிடித்துவிடலாம். ஆனால் அப்படிப் பிடித்தால் கவனிக்கும் பழக்கத்தில் ஒன்றும் கூடாது. என் படங்களுக்கு அதைச் செய்யாதீர்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

திருப்பூர் வாசகி: நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று தேடுவதுதான் வேலை. ஆனாலும் சில பீஸ் தப்பித்துப் போய்த் திட்டு வாங்குகிறேன். உங்கள் புதிர்களைப் போட்டால் கண் இன்னும் கூர்மையாகுமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பிப் போவதற்கு உங்கள் கண்ணோ கவனக்குறைவோ மட்டும் காரணமல்ல.

ஜெரமி வுல்ஃப் என்ற ஆய்வாளரின் குழு 2005-ல் ஒரு சோதனை செய்தது. படங்களில் ஒரு பொருளைத் தேட வேண்டும். பாதிப் படங்களில் அந்தப் பொருள் இருந்தபோது சுமார் 7 சதவீதம்தான் தவறவிட்டார்கள். நூறு படத்துக்கு ஒன்றில் மட்டும் அது இருந்தபோது, அதே பொருளைச் சுமார் 30 சதவீதம் தவறவிட்டார்கள். தேடுவது அபூர்வமாக இருந்தால் மனம் சீக்கிரமே 'இல்லை' என்று முடிவு கட்டி அடுத்ததற்குப் போய்விடும். நல்ல கம்பெனியில் பழுதான பீஸ் குறைவாக வருவதே உங்கள் வேலையைக் கடினமாக்குகிறது. இதை உங்கள் சூப்பர்வைசரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. 2013-ல் அமெரிக்காவில் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேன் படங்களைக் கொடுத்துப் புற்றுநோய்க் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசித் தொகுப்பில் ஒரு கொரில்லாப் படத்தைச் செருகியிருந்தார்கள், சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரிதாக. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுடைய பார்வை எங்கே போனது என்று கருவி பதிவு செய்திருந்தது. தவறவிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பார்வை கொரில்லா மேலேயே விழுந்திருந்தது! அவர்கள் தேடியது சின்ன வெள்ளைக் கட்டிகளை, கறுப்பாக ஒரு கொரில்லாவை அல்ல. எதைத் தேடுகிறோமோ அதுதான் தெரியும்.

உங்களுக்கு இதிலிருந்து இரண்டு யோசனை. கறை, ஓட்டை, தையல் மூன்றையும் ஒரே பார்வையில் தேடாமல், கழுத்து, தோள், அக்குள், ஓரம் என்று எல்லாப் பீஸிலும் ஒரே வரிசையில் கண் போகட்டும். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் கண்ணை எடுத்துத் தூரத்தில் எதையாவது பாருங்கள். கம்பெனிக்கு ஒரு யோசனை: தெரிந்தே சில பழுதான பீஸ்களை அடையாளம் வைத்துக் கலந்துவிட்டு, பிடித்ததும் உடனே சொல்லலாம். விமான நிலையங்களில் பைகளைச் சோதிக்கும் திரையில் ஆயுதங்களின் பொய்ப் படங்களை இடையிடையே காட்டுவதும் இதற்காகத்தான்.

என் புதிர் உங்கள் வேலையைச் சுலபமாக்காது அம்மா. ஓய்வு நேரத்தில் சந்தோஷமாகப் போடுங்கள், அது போதும்.

தஞ்சாவூர் வாசகர்: சுற்றும் நடனப் பெண்ணின் படம் வாட்ஸாப்பில் வந்தது. வலமாகச் சுற்றினால் வலது மூளை, இடமாகச் சுற்றினால் இடது மூளையாம். உண்மையா?

இல்லை. 2003-ல் நொபுயுகி கயஹாரா என்ற ஜப்பானியர் உருவாக்கிய படம் அது. வெறும் நிழலுருவம் என்பதால் எந்தக் கால் முன்னே, எது பின்னே என்று தெரிந்துகொள்ள அதில் குறிப்பே இல்லை. மூளை ஏதோ ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. பாதத்தை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள், திடீரென்று எதிர்ப்பக்கம் சுற்றும். அதை வைத்து யாருடைய குணத்தையும் சொல்ல முடியாது. '5 நொடியில் கண்டுபிடித்தால் நீங்கள் மேதை' என்று வரும் படங்களும் இதே வகைதான். நொடிக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படத்தை நிதானமாக ரசியுங்கள்.

உசிலம்பட்டி, எட்டாம் வகுப்பு மாணவி: டீச்சர், என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குப் படிக்கிறேன். மனத்திறன் பகுதியில் 'எத்தனை முக்கோணம்' கணக்கும் பகடைக் கணக்கும் எனக்கு எப்போதும் தப்பாகவே வருகிறது. மனப்பாடமாகச் சூத்திரம் இருந்தால் சொல்லுங்கள்.

கண்ணு, சூத்திரம் வேண்டாம். தேர்வு அறையில் பதற்றத்தில் சூத்திரம் மறந்துபோகும், எண்ணும் முறை மறக்காது. மனத்திறன் பகுதியில் 90 கேள்வி, 90 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்றால் வரிசையாக எண்ண அது போதும்.

ஒரு பெரிய முக்கோணம் வரை. ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு சமப் பாகமாகப் பிரித்து, பக்கங்களுக்கு இணையாகக் கோடுகள் போடு. உள்ளே குட்டி முக்கோணங்கள் வரும். இப்போது கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணாதே. அளவு வாரியாக எண்ணு.

குட்டி முக்கோணங்களில் நிமிர்ந்தவை 10, தலைகீழாக இருப்பவை 6. ஆக 16. அடுத்து, பக்கம் இரண்டு அளவு உள்ளவை: நிமிர்ந்தவை 6. இங்கேதான் எல்லாரும் விடுகிறார்கள், தலைகீழாகவும் ஒன்று இருக்கிறது! படத்தின் நடுவில், உச்சி கீழே பார்த்தபடி. கையால் தடவிப் பார், கிடைக்கும். பிறகு மூன்று அளவு உள்ளவை 3. கடைசியாக முழு முக்கோணம் 1. கூட்டினால் 16, 7, 3, 1. மொத்தம் 27. 26 என்று எழுதுகிறவர்கள் அந்தத் தலைகீழ் ஒன்றைத்தான் விட்டிருப்பார்கள். மூன்று பாகமாகப் பிரித்த முக்கோணத்தை நீயே போட்டுப் பார். 13 வர வேண்டும்.

பகடைக்கு வருவோம். ஒரே பகடையின் இரண்டு படம் கொடுப்பார்கள். முதலாவதில் 2, 3, 1 தெரிகிறது. இரண்டாவதில் 2, 3, 6 தெரிகிறது. 1-க்கு எதிரே என்ன? 2-ம் 3-ம் இரண்டிலும் இருக்கின்றன. அந்த இரண்டு முகங்களும் ஓர் ஓரத்தில் ஒட்டியிருக்கின்றன. ஓர் ஓரத்துக்கு இரண்டு முனைதானே? ஒரு முனையில் 1, மறுமுனையில் 6. ஆகவே 1-க்கு எதிரே 6. நம்பிக்கை வராவிட்டால் அட்டையில் ஒரு கனசதுரம் ஒட்டி, முகங்களில் எண் எழுதி, கையில் வைத்துத் திருப்பிப் பார். ஒரு வாரம் கையில் திருப்பினால், அப்புறம் தாளில் பார்க்கும்போதே மனதில் திரும்பும்.

இந்த உதவித்தொகை கிடைத்தால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் வரும். உன் அம்மா அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். நன்றாக எழுது.

சீர்காழி வாசகி: என் மகனுக்கு எட்டு வயது. புத்தகங்களில் வரும் வித்தியாசப் புதிர்களில் கெட்டிக்காரன். ஆனால் தக்காளி பழுத்திருக்கிறதா காயா, இலை பச்சையா காய்ந்ததா என்பது போன்ற நிற வித்தியாசங்களை மட்டும் எப்போதும் விட்டுவிடுகிறான். கவனம் போதவில்லை என்று வகுப்பில் சொல்கிறார்கள்.

கவனம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மற்ற வித்தியாசங்களைப் பிடிக்கிற பிள்ளை சிவப்பு, பச்சையில் மட்டும் தடுமாறினால், அது நிறப் பார்வைக் குறைபாடாக இருக்கலாம். மருத்துவர் புள்ளி புள்ளியாக வண்ணம் நிரம்பிய ஓர் அட்டைப் புத்தகத்தைக் காட்டி, உள்ளே தெரியும் எண்ணைக் கேட்பார். ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917-ல் வெளியிட்டது. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் வாழ்க்கைக்கு மிகவும் பயன்பட்ட படப் புதிர் என்று அதைச் சொல்வேன்.

இந்தக் குறைபாடு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் பிள்ளைகளிடம் அதிகம். அம்மாவுக்கு நிறம் நன்றாகத் தெரிந்தாலும் அவர் வழியாக மகனுக்கு வரலாம். உங்கள் அப்பாவுக்கு நிறத்தில் குழப்பம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இதில் யாருடைய தவறும் இல்லை. பிறவிக் குறைபாட்டுக்கு மருந்து கிடையாது, ஆனால் தெரிந்துகொள்வது அவசியம். கிரேயான்களில் பெயர் எழுதி ஒட்டலாம், ஆசிரியரிடம் சொல்லலாம். ரயில் ஓட்டுநர் போன்ற வேலைகளுக்கு நிறப் பார்வைச் சோதனை உண்டு என்பதால், பின்னால் ஏமாற்றம் வராமலும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பக்கத்தில் நிறத்தை மட்டும் மாற்றி நான் வித்தியாசம் வைப்பதில்லை. வடிவமோ எண்ணிக்கையோ இடமோ மாறியிருக்கும். உங்கள் பிள்ளை ஆறையும் பிடிக்கலாம்.

கோவை வாசகர்: மூளைப் பயிற்சிச் செயலி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். பையனின் ஞாபகசக்தியும் ஐ.க்யூ.வும் உயரும் என்கிறார்கள். கட்டலாமா?

பையன் விளையாடி மகிழ்வதற்கு என்றால் உங்கள் வசதி. ஐ.க்யூ. உயரும் என்று நம்பிக் கட்ட வேண்டாம்.

பிரிட்டனில் பி.பி.சி.யோடு சேர்ந்து நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2010-ல் வெளிவந்தது. 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் பயிற்சி செய்தார்கள். எந்த விளையாட்டில் பழகினார்களோ அதில் எல்லாரும் தேறினார்கள். அதைப் போன்ற வேறொரு சோதனை வைத்தபோது முன்னேற்றம் அங்கே தொற்றவில்லை. 2016-ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இதே போன்ற விளம்பரங்களுக்காக லூமோசிட்டி நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

'அப்படியானால் நீங்கள் வரைவதும் வீண்தானே' என்று கேட்பீர்கள். வீண் என்று நான் நினைக்கவில்லை. படத்தைப் போட்டுக்கொண்டே இருந்தால் மூளை தானாக வளரும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. 'அளவு வாரியாக எண்ணு', 'தெரியும் என்று நினைப்பதைத்தான் முதலில் சந்தேகி', 'பார்த்ததை வாயால் சொல்' என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிக்கொடுத்தால், அந்த முறையைப் பிள்ளை கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துப் போக வாய்ப்பிருக்கிறது. செயலி மதிப்பெண் காட்டும். 'எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் அவனோடு உட்காருங்கள் சார், சந்தாவைவிட அது மேல்.

காரைக்குடி வாசகர்: விடுமுறைக்குப் பேரப் பிள்ளைகள் வருகிறார்கள். செல்போனைத் தொடாமல் ஞாபகசக்திக்கு ஒரு விளையாட்டுச் சொல்லுங்கள்.

தாத்தாக்களுக்கு ஏற்ற விளையாட்டு ஒன்று இருக்கிறது. சாரணர் இயக்கத்தில் பல காலமாக ஆடுவது, 'கிம் விளையாட்டு' என்பார்கள். ஒரு தட்டில் 24 பொருள் வைத்து, ஒரு நிமிடம் காட்டி, துணியால் மூடி, நினைவில் இருப்பதை எழுதச் சொல்வது. பிள்ளைகளுக்கு எட்டுப் பொருளில் தொடங்குங்கள். பாக்குவெட்டி, சாவி, கிராம்பு, பொத்தான், தீப்பெட்டி, ஊக்கு என்று உங்கள் வீட்டில் இல்லாததா? அடுத்த சுற்றில் ஒரு பொருளை மட்டும் எடுத்துவிட்டு எது காணோம் என்று கேளுங்கள். அப்புறம் எதையும் எடுக்காமல் சாவியை மட்டும் திருப்பி வைத்துவிட்டுக் கேளுங்கள், அமர்க்களமாக இருக்கும்.

எப்படி நினைவு வைப்பது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். ஒரு கணப் பார்வையில் மனம் நான்கு பொருள் அளவுக்குத்தான் பிடித்து வைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் கூட்டாகச் சேர்க்க வேண்டும்: வெற்றிலைப் பெட்டிச் சாமான், தையல் சாமான், அடுப்படிச் சாமான். 1973-ல் சேஸ், சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சதுரங்க வீரர்களிடம் இதைப் பார்த்தார்கள். ஆட்டத்தின் நடுவில் உள்ள பலகையை ஐந்து நொடி பார்த்துவிட்டு, பெரிய ஆட்டக்காரர் காய்களைப் பெரும்பாலும் சரியாக அடுக்கிவிடுவார். புதியவருக்குச் சில காய்தான் நினைவிருக்கும். ஆனால் காய்களைத் தாறுமாறாகப் போட்டுக் காட்டினால் இருவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அவருக்கு இருந்தது தனிப்பட்ட ஞாபகசக்தி அல்ல, ஆட்டத்தைப் பற்றிய அறிவு. அதனால் தட்டில் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் பற்றி ஒரு கதை சொல்லுங்கள். பாக்குவெட்டி யாருடையது என்று தெரிந்த பிள்ளை அதை மறக்காது.

நாகர்கோவில் வாசகி: அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சமீபமாக மறதி அதிகம், அடுப்பை அணைக்க மறக்கிறார். புதிர்ப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா?

முதலில் மருத்துவரைப் பாருங்கள், புத்தகம் அப்புறம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு போன்றவற்றாலும் மறதி வரலாம். அவை ரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்தால் சரிசெய்யக் கூடியவை. மருத்துவர் ஒரு கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னால், 'சின்னப் பிள்ளையா நான்' என்று அம்மா கோபப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்தச் சின்னப் படத்தில் நினைவு, இடக் கணிப்பு, திட்டமிடல் எல்லாம் ஒன்றாகத் தெரியும்.

அதோடு, அம்மா சிக்குக் கோலம் போடுவார் என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். புதிய புதிர்ப் புத்தகத்தைவிட அவருக்குக் கையில் வரும் அந்தக் கோலம் மேலானது. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களைக் கணினி மொழிகளின் இலக்கண முறையில் ஆராய்ந்து 1974-ல் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் பெண்கள் போடும் கோலத்தில் அவ்வளவு கணிதம் இருக்கிறது. குனிய முடியாவிட்டால் நோட்டில் போடட்டும். பக்கத்தில் பேத்தியை உட்கார வைத்து, 'அடுத்த வளைவு எந்தப் புள்ளியைச் சுற்றும் பாட்டி?' என்று கேட்கச் சொல்லுங்கள். மறதியை இது குணப்படுத்தும் என்று சொல்ல மாட்டேன். அம்மா சொல்லிக்கொடுக்கிறவராக இருப்பார், அதுவே பெரிது.

அருப்புக்கோட்டை, ஏழாம் வகுப்பு மாணவன்: கை எடுக்காமல், போட்ட கோட்டின் மேலேயே திரும்பப் போகாமல் வீடு வரைய வேண்டும். கட்டம், உள்ளே பெருக்கல் குறி, மேலே கூரை. சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை. ஏன்?

அருமையான கேள்வி தம்பி! 'ஏன்' என்று கேட்டாயே, அதற்காகவே உனக்கு என் பாராட்டு.

கீழ் இடது மூலைக்கு அ, கீழ் வலது ஆ, மேல் வலது இ, மேல் இடது ஈ, கூரை உச்சிக்கு உ என்று பெயர் வை. ஒவ்வொரு முனையிலும் எத்தனை கோடு சேர்கிறது என்று எண்ணு. அ-வில் 3, ஆ-வில் 3, இ-யில் 4, ஈ-யில் 4, உ-வில் 2. இப்போது யோசி. வழியில் ஒரு முனையைக் கடக்கும்போது ஒரு கோட்டில் உள்ளே வருவாய், இன்னொன்றில் வெளியே போவாய். இரண்டிரண்டாகத்தான் செலவாகும். ஆக, ஒற்றைப்படை முனை என்றால் அங்கே தொடங்க வேண்டும் அல்லது அங்கே முடிக்க வேண்டும். உன் வீட்டில் ஒற்றைப்படை முனைகள் அ, ஆ இரண்டுதான். கீழ் மூலையில் தொடங்கினால் வரும், கூரையில் தொடங்கினால் எந்தக் காலத்திலும் வராது. ஒரு வழி: அ, ஆ, இ, உ, ஈ, இ, அ, ஈ, ஆ.

இப்போது கூரையை எடுத்துவிட்டுப் பார். நான்கு மூலையிலும் மூன்று மூன்று கோடு. தொடங்க ஒன்று, முடிக்க ஒன்று, மீதி இரண்டை என்ன செய்வாய்? முடியாது. 'எனக்கு வரவில்லை' என்பது வேறு, 'யாராலும் முடியாது, இதோ காரணம்' என்பது வேறு. 1736-ல் ஆய்லர் என்ற கணித மேதை கோனிக்ஸ்பெர்க் ஊரின் ஏழு பாலங்களை, ஒவ்வொன்றையும் ஒரே முறை கடந்து சுற்றி வர முடியாது என்று நிரூபித்தது இதே எண்ணிக்கையை வைத்துத்தான். அங்கே ஆற்றால் பிரிந்த நான்கு நிலப்பகுதிகளிலும் சேரும் பாலங்கள் ஒற்றைப்படை. உன் கூரையில்லாத வீடும் அந்த ஊரும் ஒரே கணக்கு.

விருத்தாசலம் வாசகர்: என் அக்கா மகன் 8-க்கு 8 கட்டம் போட்ட தாளை நான்காக வெட்டி, 5-க்கு 13 செவ்வகமாக அடுக்கிக் காட்டினான். 64 கட்டம் 65 ஆகிவிட்டது! ராத்திரி முழுக்க யோசித்தேன். கூடுதல் கட்டம் எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை சார். அவன் வெட்டிய விதம் இதுதான்: சதுரத்தை 3 அகலம், 5 அகலம் என்று இரண்டு பட்டையாக்கி, 3 அகலப் பட்டையை மூலைக்கு மூலை வெட்டியிருப்பான். 5 அகலப் பட்டையைச் சாய்வாக, ஒரு விளிம்பில் 3, மறுவிளிம்பில் 5 விட்டு வெட்டியிருப்பான். முக்கோணம் ஒன்றுக்குப் பரப்பு 12, இரண்டுக்கு 24. மற்ற துண்டு ஒன்றுக்கு 20, இரண்டுக்கு 40. மொத்தம் 64 தான்.

செவ்வகத்தில் முக்கோணத்தின் சாய்வும் மற்ற துண்டின் சாய்வும் ஒரே நேர்கோடாகத் தெரியும். அளந்து பாருங்கள். முக்கோணம் 8 கட்டம் போனால் 3 ஏறுகிறது, அதாவது 0.375. மற்றது 5 போனால் 2 ஏறுகிறது, 0.4. இரண்டும் ஒன்றல்ல. அதனால் மூலையிலிருந்து மூலை வரை, ஒரு மெல்லிய இடைவெளி நீளமாக ஓடுகிறது. அதன் பரப்பு சரியாக ஒரு கட்டம். ஒரு சென்டிமீட்டர் கட்டத்தில் போட்டிருந்தால், மிக அகலமான இடத்திலும் அந்த இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான். கத்தரிக்கோல் வெட்டின் பிசிறில் அது மறைந்துவிடும்.

அடுத்த முறை அவன் வரும்போது நீங்கள் ஒரு 13-க்கு 13 தாளைக் கொடுங்கள், 169 கட்டம். 5, 8 என்று இரண்டு பட்டையாக்கி, 5 அகலத்தை மூலைக்கு மூலையும், 8 அகலத்தை 5-க்கும் 8-க்கும் சாய்வாகவும் வெட்டி, 8-க்கு 21 ஆக அடுக்கச் சொல்லுங்கள். இந்தத் தடவை 168 தான் வரும். ஒரு கட்டம் எங்கே போனது என்று அவன் உங்களுக்கு விளக்கட்டும்.